கும்பாபிஷேக மலர் அட்டைப்படம்: எடுத்தவள் பெயரை வெட்டியது நான்தான்

எழுத்துக்கோர்ப்பு (சாட்ஸ்வர்த்):

யாரையும் குறை சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை, தப்பு என்னுடையது. தென்னாப்பிரிக்காவில் எங்கள் கோவில் கும்பாபிஷேக மலரை லேஅவுட் செய்தது நான்தான். 72 பக்கம், 500 பிரதி. கோவில் பெயர் இங்கே வேண்டாம். அட்டையைக் கையில் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் அப்படியே நின்று பார்த்தார்கள். கற்பூரப் புகை, அதற்குள்ளிருந்து ஒரு கிழவியின் கை மட்டும் தீபத்தட்டை நோக்கி நீண்டிருக்கும், முகம் தெரியாது, மணிக்கட்டில் தேய்ந்துபோன ஒரே ஒரு பித்தளை வளையல். எடுத்தவள் எங்கள் தெருப் பெண், வயது இருபத்துமூன்று. படத்தின் கீழ் வலது மூலையில் மிளகளவு எழுத்தில் தன் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தாள்.

அந்த மூலையைத்தான் வெட்டினேன். அங்கே கோவில் முத்திரை வர வேண்டும் என்று கமிட்டியில் சொன்னார்கள், சரி, பெயரை உள்ளே நன்றிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் நன்றிப் பக்கத்தை உபயதாரர் பட்டியல் விழுங்கிவிட்டது. பருப்பு மூட்டை கொடுத்தவர், தண்ணீர்த் தொட்டி கொடுத்தவர், பந்தலுக்கு லாரி கொடுத்தவர், இவர்கள் பெயரை எல்லாம் மூன்று தடவை ப்ரூஃப் பார்த்தேன், ஒரு எழுத்து மாறினால் மறுநாள் காலை வாசலில் வந்து நிற்பார்கள் என்ற பயம்தான். அவள் பெயர் விட்டுப்போனது அச்சாகி வரும்வரை என் கண்ணில் படவில்லை.

அன்றைக்கு மண்டபத்தில் அவள் அம்மா மலரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். மறுபடி கடைசியிலிருந்து முதலுக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மலரைப் பையில் வைத்துக்கொண்டு அன்னதானத்துக்கு வரிசையில் போய் நின்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

200 பிரதி போய்விட்டது, மீதி 300 கோவில் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. என்ன செய்யலாம் சொல்லுங்கள்.

மெரிபேங்க் மாமா:

தம்பி, மனசு கஷ்டப்படுவது நல்லதுதான், ஆனால் இதைப் பெரிதாக்காதே. இது கோவில் காரியம். சேவை என்று வந்தால் பெயர் எதற்கு? நான் முப்பது வருஷமாகக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறேன், எங்கேயாவது என் பெயர் இருக்கிறதா? அந்தக் காலத்துச் சிற்பி எவனாவது சிலைக்குக் கீழே கையெழுத்துப் போட்டானா? பெயரைக் கரைத்துவிட்டுத்தான் வேலை செய்தார்கள், அதனால்தான் அந்த வேலை இன்றைக்கும் நிற்கிறது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒரு படம் எடுத்தால் மூலையில் பெயர், ஒரு கோலம் போட்டால் அதற்கு ஒரு பெயர்.

லென்ஸ்காரன் (ஃபீனிக்ஸ்):

மாமா, சேவை செய்தவர் பெயரை எதிர்பார்க்கக்கூடாது என்றால் அந்தச் சட்டம் பருப்பு மூட்டைக்கும் சேர்த்துத்தானே? ஊரில் கோவில் ட்யூப்லைட் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு, உபயம் உபயம் என்று எழுதி எழுதி வெளிச்சமே வெளியே வராது என்று. பணம் கொடுத்தவர் பெயர் விளக்கையே மறைக்கலாம், படம் எடுத்தவள் பெயர் மிளகளவு இருந்தாலும் கண்ணை உறுத்துகிறது. பெயர் போடும் பழக்கம் நமக்கு நன்றாகவே இருக்கிறது, யாருக்குப் போடுகிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

என் பிழைப்பே இதுதான், அதனால் காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்த மலர் 500 வீட்டுக்குப் போகிறது. அதில் பத்து வீட்டில் அடுத்த வருஷம் கல்யாணம் இருக்கும். "இந்தப் படம் எடுத்தது யாரு, கூப்பிடலாமே" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல அட்டையில் ஒன்றும் இல்லை. இலவசமாகக் கொடுத்தவளுக்கு அந்த ஒரு வரிதான் கூலி, அதையும் கத்தரித்தாகிவிட்டது. நான் எடுத்த ஒரு மணப்பெண் படம் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசல் பேனரில் மூன்று வருஷம் தொங்கியது, வெயிலில் மணப்பெண் நீலமாகிப்போகும்வரை. அதில் பூ அலங்காரம் செய்தவர் போன் நம்பர் இருந்தது, கேட்டரிங்காரர் நம்பர் இருந்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன்.

முருங்கைக்காய் அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

மாமா சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை, தமிழ் வகுப்பு எடுப்பவள் என்பதால் சும்மா இருக்கவும் முடியவில்லை. சிற்பிகள் பெயரைக் கரைத்துவிட்டார்கள் என்று நாமாகச் சொல்லிக்கொள்கிறோம். தஞ்சாவூர்ப் பெரிய கோவில் கல்வெட்டைப் பாருங்கள். கட்டிய தச்சன் பெயர் இருக்கிறது: குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன். முடி வெட்டிய நாவிதருக்கும் "ராஜராஜப் பெருநாவிதன்" என்று பட்டம் இருக்கிறது. அங்கே ஆட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் ஒவ்வொன்றாக, எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தாள், எந்தத் தெரு வரிசையில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறது. கல்லில் உளி பிடித்து வெட்டியவர்களுக்கே இடம் இருந்தது மாமா. நமக்குப் பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒரு வரி போட இடமில்லை.

பெயர் தெரியாமல் போனாலும்கூட விடவில்லை. குறுந்தொகையில் செம்மண்ணில் பெய்த மழைநீர் போல நெஞ்சம் கலந்தது என்று பாடியவர் பெயர் தொகுத்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. வெறுமனே விடாமல் அவர் சொல்லையே எடுத்து அவருக்குப் பெயராக வைத்தார்கள், செம்புலப்பெயனீரார். அதற்கு அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார், ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுகிறது என்று சொன்னதற்காக. நற்றிணையில் ஒருவர் தேய்புரிப் பழங்கயிற்றினார், இரண்டு பக்கமும் யானை இழுக்கும் பழைய கயிறு போல உடம்பு தேய்கிறது என்றார், அந்தக் கயிறே பெயராகிவிட்டது. பெயர் தொலைந்தவருக்குக்கூட ஏதாவது ஒன்றை எழுதாமல் ஏடு முடியக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள் அல்லவா?

மிட்ராண்ட் மணி:

அக்கா, அந்த மரபில் வந்த நாம்தான் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் "படித்ததில் பிடித்தது" என்று போட்டுவிட்டுப் போகிறோம். என் மாமனார் திருநெல்வேலியிலிருந்து தினமும் காலையில் ஒரு கவிதை அனுப்புவார், அடியில் "பகிர்வு" என்று இருக்கும். யார் எழுதியது மாமா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன், "நல்லாயிருக்கா இல்லையா, அதைச் சொல்லு" என்றார். போன மாதம் அதே கவிதை வேறொருவர் பெயரோடு வந்தது, அவரும் எழுதியவர் இல்லை, அனுப்பியவர்!

என் ஆபீசில் நிலைமை நேர் எதிர். எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று மென்பொருளே கணக்கு வைத்திருக்கும், தப்பு வந்தால் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பழி சொல்ல மட்டும் பெயர் கச்சிதமாகக் கிடைத்துவிடும்.

சட்டப்புத்தகம்:

உணர்ச்சியை விட்டுவிட்டு இந்த நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். நமக்கு இன்னும் நடப்பில் இருப்பது 1978ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், எண் 98. திருத்த மசோதா நாடாளுமன்றத்தைத் தாண்டியும் ஜனாதிபதி கையெழுத்துப் போடாமல் 2024 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அந்தக் கதை தனி.

பலருக்குத் தெரியாத விஷயம் 21ஆம் பிரிவில் இருக்கிறது. பொதுவாக உருவாக்கியவரே உரிமையாளர். ஆனால் படம் எடுக்கச் சொல்லி ஒருவர் ஆர்டர் கொடுத்து, அதற்குப் பணமோ பணத்துக்குச் சமமான ஒன்றோ கொடுத்தாலும் கொடுக்க ஒப்புக்கொண்டாலும், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை ஆர்டர் கொடுத்தவருக்குப் போகும். லென்ஸ்காரன் அண்ணே, நீங்கள் எடுக்கும் கல்யாணப் படங்கள் பெரும்பாலும் சட்டப்படி மாப்பிள்ளை வீட்டுச் சொத்து, தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் 20ஆம் பிரிவு தனி. உரிமை கைமாறினாலும் "இதை உருவாக்கியது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை அவரிடமே இருக்கிறது. பணம் வாங்கிவிட்டாயே, பெயர் எதற்கு என்று யாரும் கேட்க முடியாது, இரண்டும் வேறு வேறு கணக்கு. பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையிலும் 1928இலிருந்து இது இருக்கிறது.

மெரிபேங்க் மாமா:

பணத்துக்குச் சமமான ஒன்று என்றால்? அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கோவிலில் சாப்பாடு போட்டோமே!

சட்டப்புத்தகம்:

மாமா, பந்தியில் உட்கார்ந்த ஆயிரம் பேருக்கும் போட்ட சாப்பாடு அது. அதைக் கூலி என்று நீதிபதி முன்னால் சொன்னால் அவரும் சாம்பார் கேட்பார்.

லென்ஸ்காரன் (ஃபீனிக்ஸ்):

மாப்பிள்ளை வீட்டுச் சொத்து என்று தெரியும் தம்பி, அதனால்தான் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறேன் இப்போதெல்லாம். பட்டுத்தான் கற்றேன்.

உரிமை ஒருவரிடம், பெயர் ஒருவரிடம் என்றால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பெரிய சாட்சி புகைப்படக்காரர் சாம் நசிமா. 1976 ஜூன் 16, சொவேட்டோவில் மாணவர் போராட்டம். போலீஸ் சுட்ட சிறுவன் ஹெக்டர் பீட்டர்சனை ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடுவான், பக்கத்தில் அக்கா அழுதுகொண்டே ஓடுவாள், அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள். நசிமா 'தி வேர்ல்ட்' பத்திரிகைக்காரர், போலீஸ் பிடுங்கிவிடும் என்று ஃபிலிம் சுருளைக் காலுறைக்குள் ஒளித்து அனுப்பினார். படம் உலகம் முழுக்கப் போனது, போலீஸ் தொல்லையில் அவர் வேலையை விட்டுவிட்டு ஊர்ப்பக்கம் போய்விட்டார். படத்தின் உரிமை பத்திரிகை முதலாளிகளிடம். அவர் கைக்கு அது வந்தது 1998இல், எண்ணிப் பாருங்கள், இருபத்திரண்டு வருஷம். டி-ஷர்ட்டிலும் சுவரிலும் போஸ்டரிலும் படம் சுற்றிக்கொண்டே இருந்தது. படத்தில் சுடப்பட்ட சிறுவன் பெயரைக் கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். எடுத்தவர் பெயரை? 2018இல் அவர் காலமானபோது என் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், இருவர் சொன்னார்கள்.

ஆறடிக்கூத்து (டொங்காட்):

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். சிங்கப் பாட்டுக் கதையை இன்னும் யாரும் எடுக்கவில்லையே, இது நம்ம நேட்டால் மாகாணத்துக் கதை.

சாலமன் லிண்டா ம்சிங்கா பக்கத்துக்காரர், நம் வீட்டிலிருந்து வண்டியில் சில மணி நேரம். ஜோஹன்னஸ்பர்க் போய் காலோ ரெக்கார்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, தன் குழுவோடு 1939இல் 'ம்புபே' பாட்டைப் பதிவு செய்தார். ம்புபே என்றால் ஜூலுவில் சிங்கம். உரிமைக்குக் கிடைத்தது 10 ஷில்லிங் என்பார்கள். அந்த இசைத்தட்டு அமெரிக்கா போனது. அங்கே பாடியவர்கள் "உயிம்புபே" என்பதைக் காதில் விழுந்தபடி "விமோவே" என்று பாடினார்கள், 1961இல் ஆங்கில வரிகளோடு 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்ற வேறு பெயரில் வந்து எங்கே பார்த்தாலும் அதே பாட்டு. லிண்டா மறு வருஷமே இறந்துபோனார். கையில் காசில்லை, கல்லறைக்குக் கல்கூட பல வருஷம் கழித்துத்தான் வந்தது. 1994இல் டிஸ்னியின் சிங்கப் படத்திலும் அந்தப் பாட்டு.

2000இல் ரியான் மாலன் என்ற இந்த நாட்டுப் பத்திரிகைக்காரர் முழுக் கதையையும் எழுதினார், 2004இல் மகள்கள் தரப்பில் வழக்கு, 2006இல் சமரசம். அதில் பணம் மட்டும் இல்லை, லிண்டாவை இசையமைத்தவர்களில் ஒருவராகக் குறிப்பிட வேண்டும் என்பதும் இருந்தது. வழக்கைத் தூக்கி நிறுத்தியது எது தெரியுமா? 1911ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டம். உருவாக்கியவர் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் அவர் செத்து இருபத்தைந்து வருஷத்தில் அது வாரிசுக்குத் திரும்ப வேண்டும் என்று அதில் ஒரு விதி. 1987இலேயே திரும்பியிருக்க வேண்டும், அந்தப் பெண்களிடம் சொல்ல ஆளில்லை.

இந்த "காதில் விழுந்தபடி" என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நம் ஆட்கள் 1860இல் ஒப்பந்தக் கூலிகளாக டுரோ கப்பலில் வந்து இறங்கியபோது எழுத்தர்கள் காதில் விழுந்தபடிதானே எழுதினார்கள். முதலியார் மூட்லி ஆனார், கவுண்டர் கவெண்டர் ஆனார், ஆளுக்கு ஒரு நம்பர். அந்த நம்பரை வைத்துக்கொண்டு ஊரைத் தேடி அலைகிற எத்தனை பேர் டர்பனில் இருக்கிறார்கள். பெயர் தொலைந்தால் என்னவாகும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் நாம்தான் மூலையை வெட்டுகிறோம். கோபத்தில் சொல்கிறேன், எழுத்துக்கோர்ப்பு தம்பி தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எழுத்துக்கோர்ப்பு (சாட்ஸ்வர்த்):

எடுத்துக்கொள்ளவில்லை அண்ணே. உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்? ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன்.

ஆறடிக்கூத்து (டொங்காட்):

தெருக்கூத்துக்கு இங்கே "சிக்ஸ் ஃபுட் டான்ஸ்" என்றுதானே பெயர், அதை மறுபடி தமிழாக்கினேன், அவ்வளவுதான். என் தாத்தா கரும்புத் தோட்டத்து பாரக்ஸ் குடியிருப்பில் திரௌபதி வேஷம் கட்டியவர். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போவார் என்று ஆயா சொல்லும். ஒரு பழைய போட்டோ இருக்கிறது, எங்கள் வீட்டில் இல்லை, ஒரு கண்காட்சியில் பார்த்தேன். கீழே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "இந்திய நடனக்காரர், நேட்டால்." எடுத்த வெள்ளைக்காரர் பெயர் இருந்தது. தாத்தா பெயர் இல்லை. காதில் போட்டிருக்கும் கடுக்கனை வைத்துத்தான் அடையாளம் கண்டேன், அது இப்போது என் தம்பியிடம் இருக்கிறது.

முருங்கைக்காய் அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

அப்படிப் பார்த்தால் படம் எடுத்தவர் பெயர் மட்டும் போட்டால் போதாது போலிருக்கிறதே.

எனக்கு இன்னொரு சந்தேகம், சண்டைக்கு இல்லை. போன வருஷம் எங்கள் மண்டப வாசலில் ஒரு கோலம், நாங்கள் பன்னிரண்டு பெண்கள் ஆறு மணி நேரம் குனிந்து போட்டது. புள்ளி வைத்தது ஒரு அக்கா, வடிவம் எங்கள் மாமியார் நோட்டிலிருந்து எடுத்தது, அவருக்கு அவர் அம்மா சொல்லிக் கொடுத்தது. மலரில் யார் பெயரைப் போடுவது? பன்னிரண்டையும் போட்டால் படம் எங்கே? ஒருவர் பெயர் போட்டால் மீதிப் பதினொன்றும் அடுத்த வருஷம் கோலப்பொடியைத் தொடாது.

மிட்ராண்ட் மணி:

சினிமாவில் லைட் தூக்கியவர் பெயர்கூட ஓடுகிறதே அக்கா. பன்னிரண்டு பெயர் இரண்டு வரி, ஏழு பாயிண்ட் அளவு எழுத்தில் போட்டால் ஒரு அங்குலம்கூட ஆகாது. மாமியார் நோட்டுக்கும் "வடிவம்" என்று ஒரு வரி. கவலையை விடுங்கள், அடுத்த மலருக்கு எந்த கமிட்டியாவது ஏஐயிடம் சொல்லி அட்டை வாங்கிக்கொள்ளும், பத்து விரலோடு அம்மன் வருவாள், ஒரு கைக்கு!

சட்டப்புத்தகம்:

கோலத்துக்கு மணி சொல்வதே சரி, பலர் சேர்ந்து செய்ததை யார் எதைச் செய்தார் என்று பிரித்து எழுதினால் சண்டை குறையும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். நம் சட்டத்தில் மேற்கோள் காட்டவும் செய்தியில் பயன்படுத்தவும் அனுமதி கேட்காமல் எடுக்கலாம் என்று 12ஆம் பிரிவில் விலக்குகள் உண்டு. நிபந்தனை, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்ல வேண்டும், உருவாக்கியவர் பெயர் படைப்பின்மேல் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். "இருந்தால்" என்பதைக் கவனியுங்கள். மூலையை வெட்டிய மலரிலிருந்து நாளைக்கு ஒரு பத்திரிகை அந்தப் படத்தை எடுத்துப் போட்டால் அவர்கள் பெயர் போடாததற்குச் சாக்கு கிடைத்துவிடும். முதலில் வெட்டியவரோடு விஷயம் முடிவதில்லை.

லென்ஸ்காரன் (ஃபீனிக்ஸ்):

அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள், மூலையில் பெயர் போட்டால் யாராவது வெட்டத்தான் செய்வார்கள். படத்துக்குள்ளேயே பெயரை எழுதி வைக்கலாம், ஐபிடிசி என்று இருக்கும், படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் எடுத்தவர் பெயர், கிரெடிட் வரி என்று தனித்தனிக் கட்டம் வரும். ஒருமுறை நிரப்பி வைத்தால் ஒவ்வொரு படத்திலும் தானாக ஏறும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அதெல்லாம் உதிர்ந்துவிடும், படமும் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். கூடவே மெசேஜில் "படம்: இன்னார்" என்று எழுதி, இப்படியே போடுங்கள் என்று சொல்லிவிட வேண்டும். வெட்கப்படக் கூடாது. நான் இருபது வருஷம் வெட்கப்பட்டேன்.

மெரிபேங்க் மாமா:

இவ்வளவு பேசுகிறீர்களே, அந்தப் பிள்ளையின் பெயர் என்ன? இத்தனை பதிவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை!

எழுத்துக்கோர்ப்பு (சாட்ஸ்வர்த்):

மாட்டினேன். சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது மாமா. இங்கே எழுதுவதற்கு முன்னால் அவளிடம் கேட்டேன். "மலரில் போடுங்க அண்ணா, இங்கே வேண்டாம், நான் வேலை தேடிக்கிட்டு இருக்கேன், தேடினா கமிட்டியோட சண்டை போட்டவள்னு வரும்" என்றாள். பெயர் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதை அவள்தானே சொல்ல வேண்டும்.

ஆறடிக்கூத்து (டொங்காட்):

நியாயம்.

மாமாவுக்கு ஒரு செய்தி மட்டும். தேசிய கீதத்தில் நாம் எழுந்து நின்று பாடும் முதல் பகுதியை 1897இல் இயற்றிய ஏனோக் சொன்டோங்கா ஒரு பள்ளிக்கூட வாத்தியார். 1905இல் இறந்தார். அவரைப் புதைத்த இடம் எது என்றே தெரியாமல் பல பத்து வருஷம் போனது, பிராம்ஃபோன்டீன் மயானப் பதிவேட்டில் குடும்பப் பெயரில் தேடிக்கொண்டே இருந்தார்கள், அவர் "ஏனோக்" என்று பதிவாகியிருந்தார். 1996இல்தான் நினைவுச்சின்னமானது. நாடு முழுக்கப் பாடுகிறது, பாடியவர்களுக்கு அவர் எங்கே கிடக்கிறார் என்று தெரியவில்லை. எழுதுவது ஒரு வேலை என்றால் சரியாக எழுதுவது இன்னொரு வேலை.

எழுத்துக்கோர்ப்பு (சாட்ஸ்வர்த்):

கமிட்டி கூட்டம் முடிந்து இப்போதுதான் வந்தேன்.

தலைவர் உடனே ஒத்துக்கொண்டார், எனக்கே ஆச்சரியம். பொருளாளர்தான், மறுபடி அச்சடிக்க ஒரு ராண்ட்கூடக் கிடையாது என்றார், அதோடு "இவளுக்குப் போட்டால் நாளைக்கு மேளக்காரர் கேட்பார்" என்றார். மேளக்காரர் பெயர் ஏன் போடவில்லை என்று நான் கேட்டதும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, ஃபேன் சத்தம்தான். கடைசியில் முடிவானது இது: அட்டையின் உள்பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு, என் வீட்டு பிரிண்டரிலேயே அடிக்கலாம். ஏற்கெனவே போன 200 பிரதிக்கும் சீட்டு அடித்து வெள்ளிக்கிழமை பூஜையில் கொடுப்பது, கோவில் முகநூல் பக்கத்தில் அட்டைப்படத்தின் கீழே பெயரைச் சேர்ப்பது, அடுத்த மலரில் உபயதாரர் பட்டியலுக்கு முன்பே ஆக்கியவர்கள் பக்கம்.

சந்தோஷமாகச் சீட்டை வடிவமைத்து அவளுக்கு அனுப்பினேன், டாக்குமென்ட்டாக! இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது: "அண்ணா, என் பேர்ல ஒரு எழுத்து தப்பு." பார்த்தால் ரகர றகரம். எத்தனை தடவை ப்ரூஃப் பார்த்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அப்புறம் இன்னொரு மெசேஜ். அந்தக் கை யாருடையது என்றும் எழுத வேண்டுமாம். படம் எடுத்த அன்றைக்கே பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் கேட்டு, அட்டையில் போடலாமா என்றும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். மாரியம்மன் கூழுக்கு வருஷா வருஷம் கேழ்வரகு இடித்துக் கொடுக்கும் பாட்டி, நாற்பது வருஷமாக அதே வளையல். எனக்கு அந்தப் பாட்டியை முகம் தெரியும், "கூழ் ஆயா" என்றுதான் கூப்பிடுவோம். பெயர் இன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் சீட்டில் இப்போது இரண்டு வரி. படத்தில், என்று ஒன்று. படம் எடுத்தவர், என்று ஒன்று.

முருங்கைக்காய் அக்கா (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):

சீட்டைத் திருத்தினாயா? அனுப்பு, நானும் ஒருமுறை பார்த்துத் தருகிறேன். றகரத்தில் உன்னை நம்ப மாட்டேன்.

லென்ஸ்காரன் (ஃபீனிக்ஸ்):

சாதாரணப் பசை வேண்டாம், காகிதம் அலை அலையாக எழும்பும். ஸ்டிக்கர் ஷீட் இரண்டு பாக்கெட் என்னிடம் சும்மாக் கிடக்கிறது, கொண்டுவருகிறேன்.

மெரிபேங்க் மாமா:

சேவைக்குப் பெயர் வேண்டாம் என்றுதான் இப்போதும் சொல்வேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் 300 பிரதியையும் நீ தனியாக ஒட்டினால் கோணலாகத்தான் ஒட்டுவாய். எத்தனை மணிக்கு வரணும்?

எழுத்துக்கோர்ப்பு (சாட்ஸ்வர்த்):

சனிக்கிழமை காலை 9 மணி, கோவில் பின்பக்க மண்டபம் மாமா. ஸ்டோர் ரூம் சாவி பொருளாளரிடம் இருக்கிறது, அவரும் வருகிறேன் என்றிருக்கிறார். மேளக்காரர் பெயரை யாராவது சரியான எழுத்தில் கேட்டு அனுப்புங்கள், சீட்டில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.